அரை கிலோமீட்டர்

இலியாஸின் கடைக்குப் பெண்கள் வருவது அபூர்வம். ஓசூர் ராயக்கோட்டை சாலையில் டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே இருந்த அந்தச் சிறிய கடையில், நிலம் அளக்கும் கருவிகளும் கையில் பிடித்துக்கொண்டு போகும் ஜி.பி.எஸ். கருவிகளும் விற்பனைக்கு இருந்தன. பழுதும் பார்த்துக் கொடுப்பார். மனை பிரிப்பவர்கள் வருவார்கள். சனிக்கிழமையானால் மலையேறப் புறப்பட்ட பெங்களூர்ப் பையன்கள் வருவார்கள். மார்கழி பிறந்துவிட்டால், ராகிக் காட்டுக்கு இறங்கும் யானைகளை விரட்டப் போகிற காட்டோர விவசாயிகள் வருவார்கள்.

அன்று காலை அந்தப் பெண் வந்தபோது, சர்வேயர் ஸ்ரீராம் கடைக்குள் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், நான் கல்லு நட்ட எடத்த உங்க மிஷினு ஏரின்னு காட்டுது. பார்ட்டி முன்னாடி மானம் போச்சு."

"அங்க முன்னாடி ஏரிதாங்க இருந்துச்சு. அதுக்கு ஞாபகம் இருக்குது. உங்களுக்குத்தான் மறந்துபோச்சு."

ஸ்ரீராம் சிரித்துக்கொண்டே வெளியேறினார். வாசலில் ஒதுங்கி நின்றிருந்த பெண் உள்ளே வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஜிபிஎஸ் மிஷினு ஒன்னு வேணுங்க. தப்பா காட்டாததா இருக்கணும்."

"எதுக்கும்மா? நெலம் அளக்கவா?"

"சானமாவுக் காட்டுக்குள்ள ஒரு எடத்துக்குப் போவணும். அப்புறம் எங்க ஊர்ல ரெண்டு பேரு யானக் காவலுக்குப் போறாங்க, அவங்களுக்கும் ஆவணும்."

இலியாஸ் மூன்று கருவிகளை எடுத்துக் கண்ணாடி மேசை மீது வைத்தார். முதலாவது தொடுதிரை உள்ளது. "இது பாக்க நல்லா இருக்கும். ஆனா பனியில கை ஈரமா இருந்தா சொன்னபடி கேக்காது." இரண்டாவது, தலையில் குச்சி போல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தது. "இது அடர்ந்த காட்டுலயும் நல்லா புடிக்கும். ஆனா கரண்ட்ல சார்ஜ் போடணும். காட்டுல சார்ஜ் போயிட்டா வெறும் கல்லுதான்." மூன்றாவது சின்னது, மஞ்சள் நிறம், பக்கவாட்டில் பட்டன்கள். "இதுக்கு ரெண்டு பென்சில் செல்லு போதும். எந்தப் பெட்டிக்கடையிலயும் கெடைக்கும். கையுறை போட்டுக்கிட்டும் அழுத்தலாம். கீழ விழுந்தா ஒன்னும் ஆவாது."

மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்பவளைப் போல அவள் கேட்டாள்.

"மரத்துக்கு அடியில எத்தன அடி தப்புங்க?"

"வெட்டவெளியில பத்தடி. காட்டுக்குள்ள முப்பது நாப்பதடி வரைக்கும் போவும்."

"நாப்பதடின்னா தேடிக்கலாம்" என்றாள் தனக்குள். பிறகு பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே அதே மஞ்சள் கருவி, பழசு. திரை நொறுங்கி, ஒரு மூலை தட்டையாகியிருந்தது. "இதே மாதிரிதான் வேணும். ஆனா இது பண்ண தப்ப அது பண்ணக் கூடாது."

இலியாஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் 'இரண்டு' என்று எழுதியிருந்தது. அது அவருடைய கையெழுத்து.

"நீங்க விஜயகுமார் சம்சாரமாம்மா?"

"ஆமாங்க. சுகுணா."

போன மார்கழியில் செய்தித்தாளில் பார்த்ததுதான். யானை தாக்கி விவசாயி பலி என்று நான்கு வரி. படித்துவிட்டு, அவருக்காக மனதுக்குள் ஒரு துஆ செய்தது நினைவிருந்தது. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

"நாளன்னைக்கி வருஷம் முடியுது" என்றாள் சுகுணா. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது இதுதான். ஊர்க் காவலுக்கு இரண்டு கருவிகள் வாங்கியிருந்தார்கள். ஒன்று ஊரில், விஜயகுமாருக்குத் தம்பி முறையான தீர்த்தகிரியிடம் இருக்கும். இரண்டாவது காட்டுக்குள் போகும் விஜயகுமாரிடம். அன்று விடியற்காலை, ராகி தின்றுவிட்டுத் திரும்பிய யானைகளை உள்ளே அனுப்பப் போனவர் பனியில் தனியாகப் பிரிந்துவிட்டார். பின்தங்கி நின்ற ஒற்றை யானை அவரைத் தூக்கிப் போட்டது. இடுப்பு நகரவில்லை. கருவியில் தெரிந்த எண்களைத் தன் பட்டன் போனில் தீர்த்தகிரிக்கு ஒரு தடவை படித்துச் சொன்னார். அதோடு போன் அணைந்துபோயிற்று. தீர்த்தகிரி எண்களைச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு ஆறு பேரோடு ஓடினான். எண் காட்டிய இடத்தில் யாரும் இல்லை. இரண்டு மணி நேரம் சுற்றினார்கள். கடைசியில் தூரத்தில் விசில் சத்தம் மெலிதாகக் கேட்டு, அந்தத் திக்கில் போய்க் கண்டுபிடித்தார்கள். தூக்கிக்கொண்டு சாலைக்கு வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. அவரு சும்மாதான் சொன்னாரு. எனக்குத்தான் அது காதுலயே நிக்குது."

சுகுணாவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வெளியே அகாலமாக இறந்தவர் விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். வருஷம் திரும்புவதற்குள் மனைவியோ பிள்ளையோ அங்கே போய் விளக்கேற்றி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வர வேண்டும். மண்ணை எடுத்தபிறகு வீட்டுக்குள் அதை வைக்கும்வரை யாரோடும் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது.

"ஆறாம் மாசமே போயி எடுத்துட்டு வந்தேங்க. அட்டையில இருந்த நம்பர எங்க தம்பி போன்ல போட்டுப் பாத்து, அங்கதான் போனோம். பதினோரு வருஷத்துல ஒரு நாளும் நான் அவரு பேரச் சொன்னதில்ல. அன்னைக்கித்தான் மொதத் தடவையா பேரு சொல்லிக் கூப்பிட்டேன்." அவள் நிறுத்தினாள். "போன வாரம் தீர்த்தகிரி ஊருக்கு வந்தான். அதுக்கப்புறம் அவன் இங்க இல்ல, பெங்களூர்ல வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டான். அவன் அந்த எடத்தப் பாத்துட்டு, அண்ணி, இது இல்ல, அங்க ஒரு பாறையும் வறண்ட ஓடையும் இருந்துச்சுன்னான். அவனும் ரெண்டு நாளு தேடிட்டான். உண்ணிச்செடி ஆளு ஒசரத்துக்கு மூடிக் கெடக்குது, ஒன்னும் தெரியல."

"அந்த மண்ணு?"

"பித்தள சொம்புல சாமி ரூம்ல இருக்குது. யுவஸ்ரீ, எம் பொண்ணு, ரெண்டாவது படிக்கிறா. தெனமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பறப்ப அதுகிட்டதான் சொல்லிட்டுப் போவா. டீச்சரு அடிச்சா அதுகிட்டதான் சொல்லுவா." சுகுணா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது அப்பா இல்லன்னு அவகிட்ட நான் எப்படிங்க சொல்றது?"

இலியாஸ் பேக்கரியிலிருந்து டீ வரவழைத்தார். மூன்றாகச் சொல்லும்படி சுகுணா கேட்டாள். மூன்றாவது யாருக்கு என்று அவர் கேட்டபோதுதான், டயர் கடை வேப்ப மரத்தடியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை அவள் காட்டினாள். அவன்தான் தீர்த்தகிரி.

"உள்ள வர மாட்டான். தப்பா எழுதிட்டேன், தப்பா எழுதிட்டேன்னு இதே பேச்சு. எங்கூட்டு வாசப்படி ஏறி ஒரு வருஷமாச்சு. அவங்கண்ணன் உசுரோட இருந்தப்ப எங்கூட்டுல தின்னு வளந்தவன்."

இலியாஸ் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

திரும்பி வந்து, உடைந்த கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். திரை செத்திருந்தாலும் உள்ளே இருக்கும் நினைவு பெரும்பாலும் சாவதில்லை. சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரே ஒரு குறி எழுந்து வந்தது. நேரம், காலை ஐந்து ஐம்பத்திரண்டு. விழுந்தபிறகு விஜயகுமார் பட்டனை அழுத்தித் தான் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார். குறியின் பெயர் 001.

அந்த 001தான் இலியாஸின் கண்ணில் முள் போலத் தைத்தது.

இரண்டு வருஷமாக விஜயகுமார் அந்தக் கருவியில் தண்ணீர்க் குட்டைகளையும் யானைத் தடங்களையும் குறித்து வந்தார். நூற்றுக்கு மேல் குறிகள் இருந்திருக்க வேண்டும். எல்லாம் அழிந்து, முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அப்படி அழித்தது யார் என்று இலியாஸுக்குத் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. விஜயகுமார் இறந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு. கருவி உறைந்துபோய் நிற்கிறது என்று கொண்டுவந்தார். இலியாஸ் எல்லாவற்றையும் அழித்து, கம்பெனியிலிருந்து வந்தபடி புதிதாகத் தொடங்க வைத்தார். அது உயிர் பெற்றது. இனி அமைப்புகளை மாற்ற வேண்டும். இரண்டு கருவிகளும் ஒரே மாதிரி எண் காட்ட வேண்டும் என்று, வாங்கிய நாளிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிகிரி, நிமிடம், விநாடி என்று அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். எந்தக் கருவியானாலும் அப்படிச் சரிபார்க்காமல் அவர் வெளியே விட்டதில்லை. அதைத் தொடங்கும்போது ஜும்ஆ தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள்.

ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடம் தாமதித்தால் தொழுகை தவறிவிடாது. முதல் வரிசையில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான். இருபது வருஷமாக முதல் வரிசையில் நின்று பழகியவர். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விஜயகுமார் பார்த்துவிட்டார்.

"நீங்க போங்க பாய், உயிர் வந்துடுச்சு இல்ல, அது போதும் எனக்கு" என்று சிரித்துக்கொண்டே கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது இலியாஸ், சுகுணா எடுத்துக் கொடுத்த சிகரெட் அட்டையையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையில் பன்னிரண்டு, நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டுப் புள்ளி நான்கு என்று இருந்தது. எண்கள் ஒவ்வொன்றும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. தீர்த்தகிரியிடம் இருந்த கருவி நிமிடத்தை விநாடிகளாகப் பிரித்துக் காட்டியது. புதிதாகத் தொடங்கிய விஜயகுமாரின் கருவி நிமிடத்தோடு புள்ளி வைத்துப் பின்னமாகக் காட்டியது. விஜயகுமார் கண்ணுக்குத் தெரிந்த எண்களை வரிசையாகப் படித்தார். தீர்த்தகிரி தன் கருவியில் தினமும் பார்க்கிறபடி எழுதிக்கொண்டான். திரையில் இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். அரை கிலோமீட்டர்.

"என்னங்க, தெரியுதா?" என்றாள் சுகுணா.

"தெரியுதும்மா. எடம் கெடச்சுடுச்சு. நீங்க போன எடத்துலருந்து தெக்கால, அரை கிலோமீட்டர்."

அவள் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு, வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவன் தப்பாத்தான் எழுதிட்டானா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

"போன்ல சரியா கேட்டிருக்காதும்மா" என்றார்.

சுகுணா தலையை ஆட்டிக்கொண்டாள். பட்டன் உள்ள மஞ்சள் கருவியையே எடுத்துக்கொண்டாள். இலியாஸ் அதில் அந்த இடத்தை ஏற்றி, அமைப்புகளை ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்தார்.

"நாளன்னைக்கி காலையில நான் வேன் எடுத்துக்கிட்டு வர்றேம்மா. கூட வந்து எடத்தக் காட்டிடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

"வர்றேம்மா" என்றார்.

*

அன்று மாலை ஃபகருன்னிசா இரண்டு முறை பரிமாறியும் அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள்; என்ன என்று ஒரு முறைதான் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அந்தப் புள்ள டீ குடிச்சானா?" என்றாள்.

"யாரு?"

"மரத்தடியில நின்னானே, அவன்."

"இல்ல. மரத்துக்கு அடியிலயே வச்சுட்டுப் போயிட்டான்."

"உங்க பாரத்த அவன் தூக்கிக்கிட்டு நிக்கிறான், அவனுக்கு எங்க டீ எறங்கும்?" அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். "அல்லாகிட்ட அழுவறது சரிதான். ஆனா அல்லாவுக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

*

வனக்காவலரிடம் சொல்லி, யானைக் கூட்டம் இரண்டு நாளாக அந்தப் பக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காலை ஒன்பது மணிக்கு மூவரும் காட்டுக்குள் நுழைந்தார்கள். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. தீர்த்தகிரி அரிவாளால் உண்ணிச்செடியை வெட்டி வழி செய்துகொண்டு முன்னால் போனான். வேனில் வரும்போது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இலியாஸ் சானமாவு வரை வாயைத் திறந்து திறந்து மூடினார்.

கருவியைச் சுகுணாவே பிடித்துக்கொண்டிருந்தாள். முந்நூறு மீட்டர், இருநூறு, நூற்றிருபது என்று எண் குறைந்துகொண்டே வந்தது. அவள் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது.

பதினைந்து மீட்டர் என்று காட்டியபோது, தீர்த்தகிரி வெட்டிய செடி சாய்ந்தது. அதன் பின்னால் வறண்ட ஓடை. ஓடைக்கரையில் மாடு படுத்திருப்பது போல ஒரு பாறை.

அரிவாள் அவன் கையிலிருந்து நழுவியது.

"அண்ணி, இதான். இந்தப் பாறையில காலு ஊனித்தான் அண்ணன தூக்கினேன்."

சுகுணா செருப்பைக் கழற்றினாள். பாறைக்குப் பக்கத்தில் தரையைக் கையால் சுத்தம் செய்து, அகல் வைத்து எண்ணெய் ஊற்றினாள். களி உருண்டையும் கீரைக் கடைசலும் இலையில் வைத்தாள். காற்றுக்கு விளக்கு இரண்டு முறை அணைந்தது. இலியாஸ் குனிந்து தன் இரண்டு கைகளையும் சுடருக்கு அணைப்பாக வைத்தார். மூன்றாவது முறை நின்று எரிந்தது.

அவள் எழுந்து நின்றாள். எதிரே இருந்த செடிகளைப் பார்த்தாள். யாரோ அங்கே நிற்பது போலவும், தன்னைப் பார்த்து அவர் கோபித்துக்கொள்வார் என்பது போலவும் அவள் முகத்தில் ஒரு கூச்சம் வந்தது.

"விஜயகுமாரு" என்றாள். குரல் உடைந்தது. "ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம். பாப்பா காத்துக்கிட்டு இருக்குது."

குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தாள். அந்த நொடியிலிருந்து அவள் வாய் மூடிக்கொண்டது.

அப்போதுதான் தீர்த்தகிரி மண்ணில் விழுந்தான். பாறையின் காலடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பெரிய ஆள் அழுவதற்கு உண்டான எந்த வெட்கமும் இல்லாமல் அழுதான். "அண்ணா, மன்னிச்சுடு. நீ சரியாத்தான் சொன்ன. நாந்தான் தப்பா எழுதிட்டேன். நீ விசிலு ஊதிக்கிட்டே கெடந்திருக்க. நான் அந்தாண்டப் பக்கம் சுத்திக்கிட்டு இருந்தேன். நாந்தான் உன்னக் கொன்னுட்டேன்."

சுகுணா அவனைத் தேற்ற வாயெடுத்து, வழக்கம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். கண்களால் இலியாஸைப் பார்த்தாள். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

இலியாஸ் அவனருகே மண்ணில் உட்கார்ந்தார்.

"தம்பி, எந்திரி. நீ தப்பா எழுதல."

அவன் கேட்கவில்லை. இலியாஸ் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"நீ எழுதின ஒரு நம்பர் கூட தப்பில்ல. ஒன்னு புள்ளி அம்பது மணி நேரம்னா ஒன்றரை மணி நேரம். அத ஒருத்தர் ஒரு மணி அம்பது நிமிஷம்னு படிச்சா என்ன ஆவும்? நம்பரு அதேதான், நேரம் வேற. அந்த மாதிரிதான் ஆச்சு. அவரு மிஷினு ஒரு கணக்குல காட்டுச்சு, உன்னுது வேற கணக்குல காட்டுச்சு. ரெண்டும் ஒரே மாதிரி காட்டறாப்புல வைக்க வேண்டியது நான். ரெண்டு நாளு முன்னாடி வெள்ளிக்கெழம, ரிப்பேரு பண்ணிட்டு அத மாத்தாம குடுத்துட்டேன். பாங்கு சொல்லிட்டாங்க, முன் வரிசையில நிக்கணும்னு ஓடினேன்." அவர் சுகுணாவை நிமிர்ந்து பார்த்தார். "கடையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. நீங்க கேட்டப்ப போன்ல கேட்டிருக்காதுன்னு பொய் சொன்னேன். பயந்துட்டேன்."

தீர்த்தகிரி அவரையே வெறித்துப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு வருஷமாகச் சுமந்த மூட்டையை யாரோ திடீரென்று வாங்கிக்கொண்டதால் தள்ளாடுகிறவனைப் போல இருந்தான்.

சுகுணா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. மஞ்சள் முடிச்சை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாடையிலிருந்து அந்தத் துணியில் சொட்டியது. பிறகு திரும்பி, பின்னால் பார்க்காமல் நடக்கத் தொடங்கினாள்.

வேன் வரை இரண்டு கிலோமீட்டர். ஊர் வரை இன்னும் எட்டு. இலியாஸுக்கு அவ்வளவு நீளமான வழி வாழ்க்கையில் வந்ததில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடுகள் இறுகி இருந்தன. அது வழக்கத்துக்காகவா தன்மேல் உள்ள வெறுப்பாலா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் அவர் வண்டியை ஓட்டினார்.

வீட்டு வாசலில் மாமியார் மஞ்சள் தண்ணீரோடு நின்றிருந்தார். சுகுணா கால் கழுவி நேராகச் சாமி அறைக்குப் போனாள். பித்தளைச் சொம்பை எடுத்தாள். பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிதை வைப்பாள் என்றுதான் வாசலில் நின்ற இலியாஸ் நினைத்தார். அவள் கொட்டவில்லை. பழைய மண்ணின் மேலேயே புதிய மண்ணைப் போட்டாள்.

"அந்த மண்ண எடுத்துடலாமே சுகுணா" என்றார் மாமியார் உள்ளிருந்து.

"இருக்கட்டும் அத்த. எடம் தப்புன்னாலும் அவர நெனச்சுத்தான எடுத்தோம். ஆறு மாசமா பாப்பா அதுகிட்டதான பேசிக்கிட்டு இருக்குது."

அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. பிறகு வெளியே வந்து, தெருவிலேயே நின்றுகொண்டிருந்த தீர்த்தகிரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். "உள்ள வாடா. எல போட்டிருக்குது." அவன் சின்னப் பிள்ளை போல உள்ளே போனான்.

இலியாஸ் வேனை நோக்கித் திரும்பினார்.

"பாய்."

அவள் ஒரு சொம்பு தண்ணீரோடு வாசலில் நின்றாள். அவர் வாங்கிக் குடித்தார். தண்ணீர் பாதி சட்டையில் வழிந்தது.

"கோவம் இல்லன்னு சொன்னா பொய்யாயிடும்" என்றாள் சுகுணா. "இருக்குது. எவ்வளவு நாளைக்கு இருக்கும்னு தெரியல. நீங்க அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா, இந்நேரம் அவரு வயல்ல இருப்பாரு." சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஆனா நீங்க வாய் தெறக்கலன்னா இவன் சாவுற வரைக்கும் எங்கூட்டுல சோறு தின்னிருக்க மாட்டான்."

அவள் கைக்குட்டை முடிச்சை எடுத்து அவரிடம் நீட்டினாள். உடைந்த கருவி.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். என்னால இத வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. உங்களுக்கு ஆவும்."

*

அந்த உடைந்த கருவி இப்போது இலியாஸின் கண்ணாடி மேசைக்குள் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. விற்பனைக்கா என்று சிலர் கேட்பார்கள். இல்லை என்று மட்டும் சொல்வார்.

கருவி வாங்கவோ பழுது பார்க்கவோ வருகிறவர்களை அவர் உட்காரவைத்து, திரையில் தெரியும் எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார். படிக்கப் படிக்க அதை இன்னொரு கருவியில் ஏற்றி, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தபிறகே கொடுக்கிறார். ஸ்ரீராம் இதைக் கேலி செய்து, ஒரு நாள் ராகம் போட்டுப் படித்துக் காட்டினார்.

போன வெள்ளிக்கிழமை வேப்பனப்பள்ளியிலிருந்து மாந்தோப்புக் காவலுக்குப் போகிற ஒருவர் வந்திருந்தார். பாதி படிக்கும்போது பாங்கு சொன்னார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க பாய், எனக்கு இதுவே போதும்" என்று அவர் எழுந்தார்.

"உக்காருங்கண்ணே" என்றார் இலியாஸ். "படிங்க. மொதல்லருந்து."

அவர் பள்ளிவாசலை அடைந்தபோது உள்ளே இடமில்லை. வெளியே, செருப்புகள் கழற்றிவிடும் இடத்தை ஒட்டி, கடைசி வரிசையில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். இலியாஸ் அங்கே நின்று கைகளைக் கட்டிக்கொண்டார்.